சக்கரம் காட்டும் காலம்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். நடை பயின்ற குழந்தை தன் தேரைத் தானே உருட்டி மகிழ்வதைப் பாடுவது அது. பிள்ளைத்தமிழ் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்வதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், சோழ நாட்டுச் சிறார் உருட்டிய விளையாட்டுத் தேரை நமக்குக் காட்டியுள்ளார். உணக்கிய உணவைக் கொத்த வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த காதணி, அச்சிறுதேரின் வழியைத் தடுத்துக் கிடந்ததாம். அந்தத் தேரைப் பற்றிப் புலவர் தரும் செய்திகள் இரண்டே: அதனை இழுக்கக் குதிரை இல்லை, அதற்குச் சக்கரம் மூன்று. அதன் வண்ணம் யாது, அதனைச் செய்த தச்சன் யார் என்பன பற்றி அவர் ஒன்றும் கூறினாரில்லை. சக்கரத்தைக் ‘கால்’ என்னும் பழஞ்சொல்லாற் குறித்து, எண்ணிக்கையைச் சொல்லி மேலே சென்றுவிட்டார். விளையாட்டு வண்டியைக் காண்பவனின் கண் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் பழைய சான்று தமிழில் தேட வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அந்தச் சிறுதேரின் இடத்தைப் பிடித்துக்கொண்டவை துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்ட பொம்மைக் கார்கள். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவற்றைத் தேடித் திரட்டுவோர் பலர். பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதிகளிற் கூடும் பழம்பொருட் சந்தை இவர்களுக்கு நன்கு பழகிய இடம். ஒரு நாணயத்தை எடுத்தால் அதில் ஆண்டு உண்டு. ஓர் அஞ்சலுறையை எடுத்தால் அதில் முத்திரை உண்டு. பொம்மைக் காரிலும் அவ்வாறே ஆண்டு இருக்கும் என்று எண்ணி, அதனைக் கவிழ்த்து அடித்தகட்டைப் படிப்பவரே மிகுதி. அங்கே ‘1974’ என்று பொறித்திருப்பின், அந்தக் கார் 1974இற் செய்யப்பட்டது என்று விற்பவர் சொல்வதும் வாங்குபவர் அதனை நம்பிப் பொருள் கொடுப்பதும் எளிதில் நிகழ்ந்துவிடுகின்றன. இந்நம்பிக்கை பிழையானது. அடித்தகட்டின் ஆண்டு, அந்த வடிவத்திற்கு உரிமை பதிவு செய்யப்பட்ட ஆண்டேயன்றிக் கையிலிருக்கும் கார் வார்க்கப்பட்ட ஆண்டன்று. வார்ப்பச்சு ஒருமுறை செய்யப்பட்டால் பல ஆண்டுகள், சில வேளைகளில் இரண்டு மூன்று பத்தாண்டுகள்கூட, உழைக்கும். அத்தனை ஆண்டுகளிலும் அதிலிருந்து வரும் ஒவ்வொரு காரும் தன் வயிற்றில் அந்த முதலாண்டையே தாங்கி வரும்.

அப்படியாயின் உண்மையான காலத்தைக் கூறுவது எது? பழகிய ஆய்வாளர்கள் சக்கரத்தைப் பார்க்கின்றனர். இம்முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எங்கே தடுமாறுகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

காரின் மேலுடலுக்கு வேண்டிய வார்ப்பச்சு பெரும் பொருட்செலவில் ஆவது. ஆதலின் உற்பத்தியாளர் அதனை எளிதில் மாற்றார். சக்கரத்தின் நிலை வேறு. ஒரே சக்கரம் ஒரே ஆலையின் பல்வேறு வண்டிகளுக்குப் பொருத்தப்படுகின்றது. பேருந்துக்கும் அதுவே, பால் வண்டிக்கும் அதுவே. மலிவான பொருளோ விரைவான முறையோ கிடைத்தவுடன் ஆலை தன் சக்கரங்களை எல்லாம் சேர்த்து மாற்றிவிடுகின்றது. மேலுடல் அந்தந்த வண்டிக்கு உரியது; சக்கரமோ ஆலைக்கு உரியது, ஆகவே காலத்திற்கு உரியது. செய்தவர்கள் அழகுக்காக உழைத்தது மேலுடலில்தான். சக்கரத்தில் அவர்கள் தம் கணக்குப் புத்தகத்தையே பார்த்தனர். அக்கணக்குத்தான் இன்று சான்றாக நிற்கின்றது.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் செய்த ‘மேட்ச்பாக்ஸ்’ கார்கள். லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்னும் இருவர் 1947இல் இலண்டனில் தொடங்கிய இந்நிறுவனத்தில் விரைவிலேயே ஜாக் ஓடல் என்னும் வார்ப்புத் தொழில் வல்லுநர் சேர்ந்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்னும் விதிக்கேற்ப அவர் தம் மகளுக்கு ஒரு சிறு சாலையுருளை செய்து கொடுத்ததே ‘மேட்ச்பாக்ஸ்’ என்னும் பெயருக்கும் அளவுக்கும் காரணமாயிற்று என்பர். 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டி வெளியிட்ட சிறு முடிசூட்டுத் தேர் பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. அதே ஆண்டில் எண்ணிட்ட வரிசைக் கார்கள் வரத் தொடங்கின. பின்னர் அவ்வரிசை 75 எண்களாக நிலைபெற்றது.

அவ்வரிசையின் தொடக்கக் கார்கள் உலோகச் சக்கரத்தில் ஓடின. ஐம்பதுகளின் இறுதியிற் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சக்கரம் புகுந்தது. சில வண்டிகளுக்கு வெள்ளி நிறச் சக்கரமும் அமைந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் கருநிறப் பிளாஸ்டிக் பரவியது. 5ஆம் எண்ணுடைய இலண்டன் இரட்டைத்தட்டுப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். 1957இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் உலோகச் சக்கரத்தோடும் கிடைக்கின்றது, சாம்பல் நிறச் சக்கரத்தோடும் கிடைக்கின்றது. 1961இல் வந்த மூன்றாம் வடிவமோ சாம்பல் நிறத்தோடும் கருநிறத்தோடும் கிடைக்கின்றது. மேலுடல் ஒன்றே, சிவப்பு வண்ணமும் ஒன்றே. சக்கரத்தைப் பார்க்காதவனுக்கு அவற்றுள் முன்னது எது, பின்னது எது என்பது விளங்காது. சாம்பல் நிறச் சக்கரத்தின் விளிம்பிலுள்ள பற்களையும் எண்ணுவோர் உண்டு. 24, 36, 45 எனப் பற்களின் தொகை வேறுபடுவதைக் கொண்டு ஒரே சக்கரத்தின் அடுத்தடுத்த நிலைகளைப் பிரிக்கின்றனர். உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் இதற்கு வேண்டும். நேரிசை வெண்பாவில் தளை பார்த்துப் பழகிய தமிழாசிரியருக்கு இது கடினமாகத் தோன்றாது.

சக்கரங்களைப் பூட்டும் கம்பியாகிய இருசும் பேசும். தொடக்கக் கார்களில் இருசின் முனை நசுக்கப்பட்டிருக்கும். 1958ஐ ஒட்டி அம்முனை உருண்டைத் தலையாக மாறியது. அச்சாணியின் உருவச் சிறுமையைக் கண்டு இகழலாகாது என்று வள்ளுவர் சொன்னது அமைச்சியலில் வினைத்திட்பம் பற்றியதேயாயினும், இந்தக் கலைக்கும் அது தவறாமற் பொருந்துகின்றது.

1968இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ‘ஹாட் வீல்ஸ்’ என்னும் பதினாறு கார்களை வெளியிட்டது. பெயரே சக்கரத்தின் பெயர்! மெல்லிய எஃகுக் கம்பி இருசும், உராய்வு குறைந்த பிளாஸ்டிக்கும் அந்தக் கார்களை விரைந்தோடச் செய்தன. சக்கரத்தின் விளிம்பிற் செந்நிறக் கோடு ஒன்று ஓடியது. அமெரிக்கச் சந்தையில் அடிபட்ட லெஸ்னி, 1969இல் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்னும் மெல்லிருசுச் சக்கரத்திற்கு மாறத் தொடங்கி, மிகக் குறுகிய காலத்தில் வரிசை முழுவதையும் மாற்றிவிட்டது. கார்கியும் டிங்கியும் அவ்வழியே சென்றன. ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பொம்மைக் கார்களின் கால்கள் மாறிய இக்காலம், ஆய்வாளருக்கு ஒரு பெரும் எல்லைக்கல். பழைய மேலுடலும் புதிய சக்கரமுமாக வந்த இடைநிலைக் கார்கள் இங்கேதான் பிறந்தன. பழைய மேலுடல்களில் சிலவற்றின் சக்கர வளைவை அகற்ற நேர்ந்த தடத்தையும் அவற்றிற் காணலாம். லெஸ்னியின் மாற்றம் விரைவானதே, ஆனால் அது அந்நிறுவனத்தைக் காக்கவில்லை. டிங்கியின் லிவர்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் நொடித்தது. கார்கியைச் செய்த மெட்டாய் 1983இல் வீழ்ந்தது. அதன்பின் ‘மேட்ச்பாக்ஸ்’ அடித்தகடுகளில் இங்கிலாந்தின் பெயர் மறைந்து மக்காவின் பெயர் தோன்றுகின்றது.

டிங்கியின் வரலாற்றில் இம்முறை இன்னும் நுட்பமாகின்றது. 1930களில் தோன்றிய அந்தக் கார்கள் இரப்பர் டயர் அணிந்தவை. போருக்கு முற்பட்டவற்றிற் பெரும்பாலும் வெண்ணிற டயரும் வழவழப்பான குடமும், பிற்பட்டவற்றில் கருநிற டயரும் மேடு எழுந்த குடமும் காணப்படும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்புவது பேதைமை. இரப்பர் வெடிக்கும், உலரும், மாற்றப்படும். புதிதாகச் செய்த வெண்ணிற டயர்கள் விலைக்குக் கிடைக்கின்றன. இருசை அளப்பதே உறுதியானது. போருக்கு முந்திய இருசின் தடிமன் ஏறத்தாழ 1.6 மி.மீ.; பிந்தியது ஏறத்தாழ 2 மி.மீ. இந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த வேற்றுமைக்குள் ஓர் உலகப் போர் அடங்கியிருக்கின்றது.

நம் நாட்டின் தட்பவெப்பமும் இங்கே கருதத்தக்கது. போருக்கு முற்பட்ட துத்தநாகக் கலவையில் ஈயம் முதலிய மாசு கலந்திருந்தால், உலோகம் உள்ளிருந்தே வெடித்துத் தூளாகும். வெப்பமும் ஈரமும் அந்நோயை விரைவுபடுத்தும். கிள்ளான் போன்ற ஓர் ஊரில் பல்லாண்டு தகரப் பெட்டியிற் கிடந்த போருக்கு முந்திய கார் ஒன்று கீறலின்றி, வெள்ளை டயரோடு, புத்தம் புதிதாகக் கிடைத்தால், மகிழ்வதற்கு முன் ஐயுறுவதே முறை.

இனி, இம்முறையின் குறைகளைக் காண வேண்டும். சக்கரம் சான்று என்று கூறுவோர் அது சில வேளைகளிற் பொய்ச்சான்றும் கூறும் என்பதை மறந்துவிடுகின்றனர். ஆலைகள் பழைய சக்கரத்தைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதற்கு மாறுவதில்லை. இருப்பு தீரும்வரை பழையதும் பொருத்தப்படும். ஆதலால் சாம்பல் நிறச் சக்கரம் ஒரு காரின் மேல் எல்லையைத் திட்டமாக வரையறுக்காது. அது இந்நாளுக்கு முற்பட்டதன்று என்று கூற இயலுமே தவிர, இந்நாளுக்குப் பிற்பட்டதன்று என்று கூற இயலாது. இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்பட்ட விலைப்பட்டியல்களைப் பெரிதாக நம்புதல் தகாது. மற்றொரு குறை வேண்டுமென்றே செய்யப்படுவது. அரிய சக்கரத்தை மலிவான காரிற் பூட்டி விற்பவர் உளர். இருசின் முனையை அறுக்காமலோ நெரிக்காமலோ சக்கரத்தைக் கழற்ற இயலாது. ஆகவே முனையில் அரத்தின் கீறலோ, புதிய பளபளப்போ இருக்கின்றதா என்று பார்ப்பவர் பெரும்பாலும் தப்புவர். அறுபதுகளின் இறுதியில் கார்கி, குழந்தைகளே கழற்றிப் பூட்டத்தக்க சக்கரங்களைச் சில கார்களுக்கு அமைத்தது. அத்தகைய காரிற் சக்கரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதே வீண்.

ஆகவே சான்றுகளுக்குள் ஒரு தரவரிசை வேண்டும். டயர் மிக எளிதில் மாறுவது, அதன் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சக்கரம் அதனினும் உயர்ந்தது. கைபடாத இருசின் முனை யாவற்றினும் உயர்ந்தது. காரோடு வந்த அட்டைப்பெட்டியோ, எந்தக் காரும் எந்தப் பெட்டிக்குள்ளும் புகும் என்பதனால், தனியே நின்று எதனையும் மெய்ப்பிக்காது.

தமிழ் நூல்களின் காலத்தை ஆராய்வோர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. வையாபுரிப்பிள்ளை அவர்கள் நூல்களின் காலத்தைக் கணித்தபோது, புலவன் பெருமையாகச் சொன்னவற்றை விட அவன் தன்னையறியாமல் ஆண்ட சொல் வடிவங்களையே பெரிதும் நோக்கினார். கருத்தும் கற்பனையும் புலவனுக்கு உரியன. வழக்குச்சொல் காலத்திற்கு உரியது. அவருடைய முடிபுகளை ஏற்காதவர் பலர் உளர். எனினும் அவர் பார்த்த இடம் சக்கரத்தின் இடமே என்பதை மறுக்க இயலாது. அச்சு நூல்களுக்கு வந்தால் ஒப்புமை இன்னும் நெருங்குகின்றது. மறுபதிப்புகள் பலவற்றில் முதற்பதிப்பின் ஆண்டு மட்டுமே இருக்கும். அதுதான் அடித்தகட்டின் ஆண்டு. ஆண்டே இல்லாத நூலுக்கு அச்செழுத்தே துணை. 1978ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தி ஆணையிட்டது. கொம்பு சுழித்த பழைய ‘லை’யைக் கண்டவுடன் நூல் அதற்கு முற்பட்டது என்று முடிவு கட்டும் மாணவர் உண்டு. அவர் இரண்டு செய்திகளை மறந்தவர். பெரியாரின் ‘குடி அரசு’ 1935 முதலே அச்சீர்திருத்த வடிவங்களை ஆண்டது. ஆகவே புதிய வடிவம் நூலை 1978க்குப் பின்னே தள்ளிவிடாது. அவ்வாறே ஆணை வந்த மறுநாளே அச்சகங்கள் தம் பழைய ஈய எழுத்துகளை உருக்கிவிடவும் இல்லை. லெஸ்னியின் சாம்பல் நிறச் சக்கரம் போல அவையும் இருப்புத் தீரும்வரை ஓடின. தலைப்புப் பக்கத்தில் ‘மலாயா’ என்று இருப்பதைக் கொண்டு நூல் 1963 செப்டம்பருக்கு முற்பட்டது என்று துணிவதிலும் இதே விழிப்பு வேண்டும். பழக்கத்தாற் பழைய பெயரையே எழுதியவரும் இருந்திருக்கக் கூடுமன்றோ?

பொம்மைக் கார் ஆய்வில் மிகக் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது வட்டமாகச் சுழலும் வாதம். இன்ன சக்கரம் 1960ஐச் சார்ந்தது. ஏனெனில் 1960ஆம் ஆண்டுக் காரில் அது உள்ளது. அந்தக் கார் 1960ஐச் சார்ந்தது. ஏனெனில் அதில் அந்தச் சக்கரம் உள்ளது. இவ்வாறு எழுதப்படும் குறிப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று படியெடுக்கப்பட்டு, படியின் தொகையாலேயே உண்மை போலத் தோற்றமளிக்கின்றன. இதிலிருந்து மீள வெளிச்சான்று வேண்டும். நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட சிறு விலைப்பட்டியல்கள் அத்தகையவை. அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. பட்டியலுக்குரிய படம் கார் ஆலையிலிருந்து வெளிவருவதற்கு முன்னரே வரையப்படுவதுண்டு. அதிற் காணும் சக்கரம் கடைக்கு வந்த காரில் இல்லாமற் போகலாம்.

நாட்டின் பெயரும் ஒரு வெளிச்சான்றே. டிங்கியின் பழைய வார்ப்பச்சுகள் சில அறுபதுகளின் இறுதியிற் கல்கத்தாவிற்குச் சென்று, அங்கே ‘நிக்கி’ என்னும் பெயரிற் கார்களை ஈன்றன. அச்சு ஒன்று, பெயர் வேறு, ஊர் வேறு, காலம் வேறு. மேலுடலை மட்டும் பார்ப்பவன் லிவர்பூலையும் கல்கத்தாவையும் ஒன்றாக்கிவிடுவான்.

இந்த இடத்தில்தான் மலேசியாவின் பெயர் ஆய்விற்குள் வருகின்றது. மேட்டல் நிறுவனத்தின் ஆலை பினாங்கு மாநிலத்தின் பிறையில் அமைந்து, எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஹாட் வீல்ஸ் கார்களின் அடித்தகட்டில் ‘மலேசியா’ என்னும் சொல் உலகெங்கும் செல்லத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1977இல், செந்நிறக் கோடு கைவிடப்பட்டு முழுதும் கருமையான சக்கர விளிம்பு வந்துவிட்டது. எனவே செங்கோட்டுச் சக்கரமும் ‘மலேசியா’ என்னும் சொல்லும் பழைய கார் ஒன்றில் சேர்ந்து நின்றால், அங்கே யாருடைய கையோ புகுந்திருக்கின்றது என்று கொள்ளலாம். 1983இல் இரப்பர் டயர் கொண்ட ‘ரியல் ரைடர்ஸ்’ வந்தது. 1984இல் ‘அல்ட்ரா ஹாட்ஸ்’ சக்கரம் வந்தது. தொண்ணூறுகளில் ஆரக்கால் வடிவங்கள் பலவாகப் பெருகின. 2008 முதல் அடித்தகட்டிலேயே ஓர் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டு, எழுத்து ஆண்டையும் எண் வாரத்தையும் உணர்த்துகின்றன. அதன்பின் சக்கரத்தைக் கேட்க வேண்டிய தேவை பெரிதும் நீங்கிவிட்டது.

சேகரிப்பாளரிடையே ஒரு மனப்போக்கு நிலவுகின்றது. செங்கோட்டுக் கார்களே பழம்பொருள். கருஞ்சக்கரம் பூண்ட மலேசியக் கார்கள் வெறும் கடைச்சரக்கு என்பது அது. ஆங்காங்கும் அமெரிக்காவும் என்றால் விலை, மலேசியா என்றால் கூடைக்குள் குவியல். அயலூரிற் செய்தது மேல், அகத்தே செய்தது கீழ் என்னும் இந்த மதிப்பீட்டைத் தமிழ் எழுத்துலகமும் அறியும். இந்நாட்டுப் படைப்புகளைத் தமிழகத்து நூல்களின் நிழலாக மட்டும் கண்ட காலம் ஒன்று இருந்தது. மலேசியக் கார்களை எவரும் ஒழுங்காகப் பிரித்து ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தாத வரையில் அவை குவியலாகத்தான் கிடக்கும். அவற்றைச் செய்த தொழிலாளரின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. அவர்கள் கைப்பட்ட காலத்தை ஓரளவேனும் மீட்டுத் தருவது அவர்கள் பூட்டிய சக்கரம்தான்.

போர்ஷ 911 காரை ஒட்டி மேட்டல் வார்த்த ‘பி-911’ இதற்கு நல்ல சோதனை. இதன் அடித்தகட்டு ஆண்டு 1974. கடைக்கு வந்தது 1975இல், செங்கோட்டுச் சக்கரத்தோடு. அதே வார்ப்பு பின்னர்க் கருஞ்சக்கரம் பூண்டு நெடுங்காலம் வந்தது. அம்கார்ப் மால் சந்தையில் அத்தகைய ஒன்றை ‘எழுபத்து நான்காம் ஆண்டுக் கார்’ என்று சொல்லி ஒருவர் விலை கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அதைக் கவிழ்க்கிறார். 1974 என்றும் மலேசியா என்றும் ஒரே தகட்டில் இருக்கின்றன. 1974இல் பிறையில் அந்த ஆலை இல்லை. சக்கரத்தைப் பார்க்கிறார், செங்கோடு இல்லை. இருசின் முனையை விரலாற் தடவுகிறார். அரம் பட்ட தடம் இல்லை, சக்கரம் ஆலையிற் பூட்டியபடியே இருக்கின்றது. அவர் கையிலிருப்பது எண்பதுகளுக்கு முற்படாத கார், பிறையிற் பிறந்த கார். எழுபத்து நான்கிற்குரிய விலை அதற்கு இல்லை. பிறையின் கார் என்பதற்காகவே அதனை வாங்கிச் செல்வதும் உண்டு.